ஒரு ரூபாய்ப் போணி

தவமணி அண்ணாச்சியின் காய்கறிக் கடையைச் செண்பகவல்லி நெருங்கியதும் அவருடைய சிட்டு சிவப்பாக மின்னியது.

சிட்டு என்பது, போனில் பணம் அனுப்பினால் "இருநூறு ரூபாய் வந்தாச்சு" என்று கூவும் பெட்டி. உள்ளங்கை அளவுதான் இருக்கும். கோவில்பட்டி தினசரிச் சந்தையில் வெங்காய மண்டியிலிருந்து, தரையில் சாக்கு விரித்துக் கருவேப்பிலை விற்பவர் வரை எல்லோரிடமும் அது இருந்தது. ரூபாய்த் தாளை நீட்டினால் "ஏன், போன் தொலைஞ்சு போச்சா?" என்று பரிதாபமாகக் கேட்கும் காலம் அது. சிட்டின் தலையைச் சுற்றி ஒரு விளக்கு வளையம் உண்டு. நேற்று வரை அது நீலமாகத்தான் எரிந்தது.

"கத்தரி அஞ்சு கிலோ, தக்காளி எட்டு, முருங்கை முப்பது. போட்டுருங்க அண்ணாச்சி," என்று அவள் போனை எடுத்தாள்.

அண்ணாச்சி தராசைத் தொடவில்லை.

"போனை உள்ள வை தாயி. போணி ஆவட்டும்."

"நான் வாங்கினா போணிதானே?"

"அதான் வேண்டாங்கேன்."

"நாலு வருசமா மாசத்துல பாதி நாள் நான்தானே உங்களுக்குப் போணி?"

"அதான் தாயி பிரச்சினையே."

அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். அதில் அவள் பெயர் இருந்தது. அதற்குக் கீழே 'கைராசி: நூற்றுக்கு 3'. அதற்கும் கீழே, 'முதல் விற்பனைக்கு உகந்தவர் அல்லர்' என்று நல்ல தமிழில் எழுதியிருந்தது.

"நேத்து ராத்திரி தானா வந்துச்சு. காலையில யாரு முதல்ல வாங்குனாங்க, அன்னைக்கு யாவாரம் எவ்வளவு ஓடுச்சு, நாலு வருசத்துக்கும் கூட்டிக் கழிச்சுப் பாத்து மார்க் போட்டிருக்கு. கிட்ட வந்தாலே உன் போனை மோப்பம் பிடிச்சிருது."

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. சந்தையிலேயே ராகுகாலம் பார்த்துப் புதுச் சரக்கு இறக்குகிற ஒரே ஆள் தவமணி அண்ணாச்சி. பார்த்து இறக்குவது என்றால், சரியாக ராகுகாலத்தில் இறக்குவது. பூனை குறுக்கே போனால் கூப்பிட்டுப் பால் வைப்பார்.

"நீங்களா அண்ணாச்சி இதை நம்புதீங்க? மூடநம்பிக்கைன்னு மேடை போட்டுப் பேசுவீங்களே!"

"மூடநம்பிக்கைன்னா மனுசன் வாய்க்கு வந்ததைச் சொல்லுதது. இது கம்ப்யூட்டர் தாயி. கம்ப்யூட்டர் என்ன பொட்டு வச்சிருக்கா, பூணூல் போட்டிருக்கா?"

செண்பகவல்லி போனில் மணியைப் பார்த்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஐந்து மேசை போட்ட மெஸ் ஒன்றை நடத்தினாள். காலையில் இட்லி, தோசை. மதியம் நூற்பாலை ஆபீசுக்கு முப்பது சாப்பாடு. பன்னிரண்டரைக்கு அங்கே கேரியர் இறங்கியாக வேண்டும். அந்த முப்பது சாப்பாடுதான் மெஸ்ஸைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் ஐந்தரை மணிக்கே சந்தைக்கு வருவாள்.

"அப்ப காயை எடுத்துட்டுப் போறேன். போணி ஆனபிறகு காசு அனுப்புதேன்."

"முதல் சரக்கு கடனாப் போவக்கூடாது தாயி," என்றார் அண்ணாச்சி. அதற்கும் கம்ப்யூட்டர் ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை.

ஏழேகாலுக்கு ஒரு ஆட்டோ வந்தது. அதிலிருந்து ஆவுடையப்பன் இறங்கினார். கல்யாணச் சமையல் மாஸ்டர். கடைகளின் சிட்டுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. மாஸ்டருக்கே வெட்கமாக இருந்தது. ஒரு கடையில் ஓர் எலுமிச்சம்பழம், அடுத்த கடையில் ஒரு துண்டு இஞ்சி என்று வாங்கிக்கொண்டு, சாமி ஊர்வலம் போல நகர்ந்தார்.

"தொண்ணூத்தேழு!" என்றார் அண்ணாச்சி, கண்களில் ஒற்றிக்கொள்ளாத குறையாக. "அந்தக் கையி வாங்குன அன்னைக்கெல்லாம் சரக்கு மத்தியானமே காலி."

அன்று கேரியர் ஒரு மணிக்குத்தான் இறங்கியது.

கார்த்திகை முடிவதற்குள் சந்தையின் நேரமே மாறிப்போனது. முன்பெல்லாம் மாஸ்டர் மூன்று மணிக்கு எழுந்து அடுப்புப் பற்றவைக்கிறவர். இப்போது எதற்குச் சமைக்க வேண்டும்? கடைக்குக் கடை ஆட்டோ அனுப்பினார்கள். வாங்கின பொருளுக்கு மேல் ஒரு பை நிறையக் கொடுத்து அனுப்பினார்கள். எழுகிற நேரம் ஆறு, ஏழு, எட்டு என்று தள்ளிக்கொண்டே போனது. அவர் வரும் வரை சந்தையே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நடுத்தர மார்க் வாங்கிய மஞ்சள் விளக்குக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சிவப்பு விளக்குக்காரர்கள் தள்ளி நின்றார்கள்.

சிவப்பு விளக்கில் செண்பகவல்லியோடு கூட நின்றவர் ஈஸ்வரி. ஆஸ்பத்திரியில் இரவு நேர நர்ஸ். விடிகாலையில் வீடு திரும்பும்போது ஒரு பால் பாக்கெட் வாங்குவார். அவ்வளவுதான். அவர் மதிப்பெண் ஆறு.

"ராத்திரி பூரா எத்தனை பேரைத் தூக்கி உக்கார வச்ச கை இது," என்று ஒருநாள் ஈஸ்வரி தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "அங்க ராசியான கைம்மான்னு ஊசி போடக் கூப்பிடுறாங்க. இங்க ஒரு பால் பாக்கெட் தர யோசிக்கிறான்." அதன்பிறகு அவர் பால் இல்லாத காப்பி குடிக்கப் பழகிக்கொண்டார்.

மார்கழி பதினொன்றாம் தேதி, கேரியர் ஐந்தாவது முறையாகத் தாமதமானபோது, நூற்பாலை மேனேஜர் போனில் கூப்பிட்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"நாளையிலேருந்து வேற இடத்துல சொல்லிட்டோம்மா. தை பாதியில ஒருதடவை என்னை வந்து பாருங்க. அப்ப நேரத்துக்குத் தர முடியும்னா யோசிக்கலாம்."

லாரியில் நாக்பூர் போயிருந்த கணவரிடம் அவள் இதைச் சொல்லவில்லை. ஐந்து மேசையில் மூன்றை மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

மறுநாள் மெஸ்ஸில் இருந்த சிட்டு ஊமையாகிவிட்டது. சரிசெய்ய பிரிசில்லா வந்தாள். சிட்டுக் கம்பெனியின் அந்த வட்டாரப் பெண். ஸ்கூட்டர், முதுகில் பை, எப்போதும் பாதி சார்ஜில் இருப்பது போன்ற குரல். இரண்டு இட்லி வைத்துவிட்டு செண்பகவல்லி எதிரே உட்கார்ந்தாள்.

"ஏம்மா, எனக்கு மூணு மார்க் போட்டது யாரு?"

பிரிசில்லா இட்லியைப் பார்த்தபடியே இருந்தாள். "யாரும் போடலைக்கா. மிஷினுக்குக் காரணம் தெரியாது. எது கூட எது வருதுன்னு மட்டும்தான் தெரியும். நீங்க ஒண்ணு சொல்லுங்க. முகூர்த்த நாள் அன்னைக்குச் சந்தைக்குப் போவீங்களா?"

"பைத்தியமா எனக்கு? அன்னைக்குக் காய் தீ விலை விக்கும். வீட்டுல கிடக்க வாழைக்காயும் அப்பளமும் வச்சு ஒப்பேத்திருவேன்."

"பொங்கலுக்கு முந்தின நாள்?"

"மெஸ் லீவு."

"மழை பெய்யுற அன்னைக்கு?"

"முத ஆளாப் போவேன். சரக்கு தேங்கிக் கிடக்கும், குறைச்சுத் தருவாக."

"அவ்வளவுதான்கா." பிரிசில்லா கையை விரித்தாள். "வியாபாரம் படுத்துக்கிடக்கிற நாளாப் பாத்து நீங்க போறீங்க. நீங்க போனதால படுத்துச்சுன்னு மிஷின் நினைச்சுக்கிச்சு. மாஸ்டர் கல்யாணத்துக்குத்தான் காய் வாங்குவாரு. முகூர்த்த நாள்ல ஊரே வாங்கும். அந்த நர்ஸ் அக்கா பாவம். நல்ல நாள்ல அவங்களுக்கு முன்னாடியே யாராவது வாங்கிருவாங்க. புயல் அன்னைக்கும் பந்த் அன்னைக்கும்தான் முத ஆளு அவங்க. டியூட்டி முடிஞ்சு வந்துதானே ஆகணும்?"

செண்பகவல்லி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். இத்தனை நாள் தன் கையில்தான் ஏதோ இருக்கிறது என்று அவளும் ஓர் ஓரத்தில் நினைக்க ஆரம்பித்திருந்தாள்.

"இது தெரிஞ்சுமா ஊருக்கெல்லாம் மாட்டி விட்டீங்க?"

"கடைக்காரங்க கேட்டாங்கக்கா. கேட்டதைச் செஞ்சு குடுத்தா பெட்டி விக்குது. நான் படிச்சது புள்ளியியல். எங்க மிஸ் பாத்தா செருப்பால அடிப்பாங்க." குரலைத் தாழ்த்தினாள். "என் மார்க் என்ன தெரியுமா? ஒண்ணு. நானே கம்பெனி ஆளு!"

"உனக்கு எப்படி?"

"பெட்டி ரிப்பேர்னாதானே காலையில கடைக்குப் போறேன்? சரியாயிருச்சான்னு பாக்க ஒரு ரூபா அனுப்புவேன். அது போணியாப் பதிவாயிருது. பெட்டி ரிப்பேரான கடையில அன்னைக்கு வியாபாரம் எங்க ஓடும்?"

செண்பகவல்லி மூன்றாவது இட்லியைத் தானாகவே அவள் தட்டில் வைத்தாள்.

"ஒரு ரூபாய்கூடப் போணிதானா?"

"ஒரு ரூபாயும் வியாபாரம்தான்."

"கடைக்கு நேர்ல போவணுமா?"

"எதுக்கு? அட்டையில கட்டம் கட்டமா இருக்கே, அது உங்க போன்ல இருந்தாப் போதும். காலையில நாலு மணியிலிருந்து புது நாள். கடைசி நாப்பது நாளுக்குத்தான் மிஷின் அதிக மதிப்பு குடுக்கும். ஏன்கா?"

"சும்மா கேட்டேன். சட்னி போடவா?"

பிரிசில்லா போனதும் அவள் புது வருடத் தினசரிக் காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மார்கழிக் கடைசியிலிருந்து தை மாதத் தாள்கள் வரை புரட்டினாள். பொங்கலுக்கு முந்தின நாளிலும் முகூர்த்த நாள்களிலும் பச்சைப் பேனாவால் புள்ளி வைத்தாள். அமாவாசை, கரிநாள், தேய்பிறை எல்லாவற்றையும் விட்டாள். சந்தையில் அவள் பழகிய பதினோரு கடைகளும் போனில் வரிசையாக இருந்தன.

பொங்கலுக்கு முந்தின நாள் விடிகாலை, சரியாக நாலு மணிக்கு, பல்கூடத் துலக்காமல் அவள் பதினோரு கடைக்கும் தலைக்கு ஒரு ரூபாய் அனுப்பினாள்.

நாலு எட்டுக்குத் தவமணி அண்ணாச்சி போனில் அலறினார்.

"ஏம்மா! ஒரு ரூபாய் வந்தாச்சுங்குது! யாருன்னு பாத்தா நீ! கரும்பு எரநூறு கட்டு இறக்கி வச்சிருக்கேன், வயித்துல அடிச்சிட்டியே!"

"பொங்கலுக்குச் சின்னதா ஒரு அன்பளிப்பு அண்ணாச்சி."

"இந்தா, திருப்பி அனுப்பிட்டேன், பாத்துக்கோ!"

"காசு திரும்பும். போணி திரும்புமா?"

அண்ணாச்சி போனை வைத்துவிட்டார். அன்று சந்தையில் பதினோரு கடைக்காரர்களும் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பொங்கல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பத்து மணிக்குக் கரும்பு தீர்ந்தது. பதினொன்றுக்கு மஞ்சள் கொத்து தீர்ந்தது. பூக்கடைக்காரர் வாழைநாரைக்கூட விற்றார். அண்ணாச்சிக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, துக்கப்படவும் தெரியவில்லை.

அடுத்த முகூர்த்த நாளும் நாலு மணிக்கு ஒரு ரூபாய். அதற்கடுத்த முகூர்த்தத்துக்கும். தேய்பிறையில் அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மார்க் மாறும். மூன்று, இருபத்தாறானது. பிறகு அறுபது. மூன்றாவது ஞாயிறு தொண்ணூற்று நான்கு.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு அவள் சந்தைக்குள் நுழைந்தபோது, வழி நெடுகப் பச்சை எரிந்தது.

"வாங்க தாயி, வாங்க!" என்று எழுந்து நின்றார் அண்ணாச்சி. இதுவரை அவர் அவளை நீங்க என்று சொன்னதில்லை. "நீங்க முதல்ல தொட்டு எடுங்க. நான் அப்பமே சொன்னேன், இந்தப் பிள்ளை முகத்துல ஒரு களை இருக்குன்னு."

"எப்பம் சொன்னீங்க அண்ணாச்சி?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

ஐந்து கிலோ கேட்ட கத்தரிக்காய் ஏழு கிலோ இருந்தது. அதே வாரம் அவள் நூற்பாலை மேனேஜரைப் போய்ப் பார்த்தாள். அவர் யோசித்தார். வரும் திங்களிலிருந்து ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்.

"ஒரு நாள் தவறினாலும் நிறுத்திருவேன். அப்புறம் என்கிட்ட வரக்கூடாது."

அந்தத் திங்கள் வந்தது. ஆறரை மணிக்கெல்லாம் மடித்து வைத்த மூன்று மேசைகளும் விரிந்திருந்தன. காய் வந்துவிட்டது. முப்பது பேருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தது. இட்லிக் கொப்பரையில் முதல் ஈடு இறங்கியது. செண்பகவல்லி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

முதல் ஆளாக ஆவுடையப்பன் மாஸ்டர் உள்ளே வந்தார்.

ஆள் இளைத்திருந்தார். ஆட்டோ இல்லை. வெள்ளை வேட்டி பழுப்பாகியிருந்தது. அவர் உட்கார்ந்ததும், மேசை ஓரத்தில் இருந்த அவளுடைய சிட்டு சிவந்தது. அவளுடைய பெட்டிக்கும் அந்த வித்தை உண்டு என்பதையே அவள் அப்போதுதான் கவனித்தாள். பெட்டியின் மேல் கைத்துண்டைப் போட்டாள். துண்டும் சிவந்தது.

"எடுத்துரு தங்கச்சி. எனக்குப் பழக்கம்தான்," என்றார் மாஸ்டர். "ரெண்டு மார்க்."

"எப்படி மாஸ்டர்? தொண்ணூத்தேழு இருந்துச்சே."

"மார்கழி முழுக்க தினம் போணி பண்ணச் சொல்லிக் கூட்டிட்டுப் போனாக. மார்கழியில எவன் கல்யாணம் வச்சான்? அதுல பாதி இறங்கிப் போச்சு. தையில ஏத்திருவேன்னு நினைச்சேன். தை முகூர்த்தம் எல்லாம் காலங்காலமா என்னோடது தங்கச்சி. யாரோ நாலு மணிக்கே எடுத்துக்கிட்டாக." அவர் அவளை நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார். "இப்பம் கல்யாண வீட்டுக்காரங்களும் சிட்டைப் பாத்துத்தான் ஆள் வைக்காக. கரண்டியைக் கழுவிக் கவுத்தாச்சு. நாலு இட்லி வை."

செண்பகவல்லி நாலு இட்லியோடு கேட்காத வடையும் வைத்தாள். அவர் நிதானமாகச் சாப்பிட்டார்.

"சாம்பார்ல பெருங்காயம் ஒரு சிட்டிகை கூட. மத்தபடி நல்ல கை உனக்கு." கை கழுவிவிட்டு வந்து போனை எடுத்தார். "எவ்வளவு அனுப்பணும்?"

எல்லாம் பொய் என்று செண்பகவல்லிக்குத் தெரியும். காலண்டரும் பச்சைப் பேனாவும் வைத்து அவளே செய்து பார்த்த பொய். அந்த ஊரில் அதை அவள் அளவுக்கு அறிந்தவர் பிரிசில்லா மட்டும்தான். ஐம்பத்தைந்து ரூபாய் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. முப்பது சாப்பாடு. ஒரு நாள் தவறினாலும்.

"என்ன அவசரம் மாஸ்டர்?" என்றது அவள் வாய். "உக்காருங்க. ஒரு தோசை ஊத்துதேன்."

அவர் ஆச்சரியப்படவே இல்லை. உட்கார்ந்தார். தோசை வந்தது. அதன்பின் ஊத்தப்பம் வந்தது. தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. அவள் மாவுக் கரண்டியோடு வாசலுக்கும் கல்லுக்கும் நடந்தாள்.

"முந்தாநாள் சலூனுக்குப் போனேன் தங்கச்சி," என்றார் மாஸ்டர், சட்னியை வழித்தபடி. "காலையில முத ஆளு. முடி வெட்டி முடிச்சான். காசு அனுப்பப் போனேன். இருங்க அண்ணாச்சின்னு சேவ் பண்ணான். அதுக்கும் யாரும் வரலை. தலைக்கு எண்ணெய் வச்சுத் தேய்ச்சான். முகத்துக்கு என்னமோ வெள்ளரிக்கா எல்லாம் வச்சான். ஒன்பதரைக்கு ஒரு ஆளு வந்து காசு குடுத்தபிறகுதான் என்னை விட்டான், அதுவும் கும்பிட்டு, காசே வேண்டாம்னுட்டான். நேத்து டீக்கடையில ஆறு டீ, அஞ்சு பஜ்ஜி. எடுத்த கையோட காசு கேக்கிற கடைக்குத்தான் நான் போக முடியாது. வேலை முடிஞ்சு காசு வாங்குற கடையெல்லாம் எனக்குத்தான். தொண்ணூத்தேழு இருந்தப்பகூட இவ்வளவு மரியாதை இல்லை."

செண்பகவல்லி கல்லில் தண்ணீர் தெளித்தாள். அது சுர்ரென்றது.

"இதெல்லாம் வெறும் கணக்குப் பிசகுன்னு எனக்குத் தெரியும்," என்றார் அவர். "ஒரு ரூபா அனுப்புன ஆளுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். அப்படித்தானே?"

"ஆமா மாஸ்டர். வெறும் கணக்குப் பிசகு."

"அப்பம் அனுப்பிரட்டுமா?"

அவர் பெருவிரல் போனுக்கு மேல் ஒரு நூல் இடைவெளியில் நின்றது. முகத்தில் சிரிப்பே இல்லை. செண்பகவல்லி தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாள். ஒரு சைக்கிள் வந்தது. நிற்காமல் போனது.

"மாஸ்டர்," என்றாள், "நெய் ரோஸ்ட் சாப்பிடுவீங்களா?"

பெருவிரல் மெல்ல விலகியது.

"முறுகலாப் போடு," என்றார் அவர், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "ஒண்ணும் அவசரமில்லை."